நடைப்பயிற்சியில் பாம்பு எதிர்ப்பட்டால்

லிட்டில் இந்தியாவில் வசிக்கும் மூத்தோர் பலருக்குக் காலை நடை ஒரு நல்ல வழக்கம். சிலர் காலாங் ஆற்றோரம் நடக்கிறார்கள். வார இறுதியில் நண்பர்களோடு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கோ புக்கிட் தீமாவுக்கோ போகிறவர்களும் உண்டு. இந்தப் பாதைகளில் பாம்பும் உடும்பும் கண்ணில் படலாம். அதற்காக நடையை நிறுத்த வேண்டாம். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தெரிந்திருந்தால் போதும்.

யார் இவர்கள்?

ஆற்றோரத்தில் அடிக்கடி காண்பது நீர் உடும்பு. மலாயில் "பியாவாக்" என்பார்கள். ஆள் நீளத்துக்கு வளரும். நாக்கை நீட்டிக்கொண்டு நிதானமாகப் பாதையைக் கடக்கும். சிலர் இதை முதலை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது தானாக உங்களைத் துரத்தி வராது. வழியை மறித்தாலோ பிடிக்கப் போனாலோதான் வாலால் அடிக்கும், கடிக்கும். கடித்தால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தகைய காயம் எளிதில் சீழ்பிடிக்கும்.

மலைப்பாம்பு கால்வாய்களிலும் வடிகால்களிலும் இருக்கும். எலிகளைத் தின்பதால் நகரத்துக்குள்ளும் அதற்கு உணவுக்குப் பஞ்சமில்லை. உருவம் பெரிதே தவிர, விஷம் கிடையாது. ஆனாலும் கடி பலமாக இருக்கும். நாய்க்குட்டியை அழைத்துப் போகிறவர்கள் கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும்.

மரக்கிளையில் மெல்லிய கொடிபோல் கிடக்கும் பச்சைப் பாம்பைப் பார்த்ததும் நம்மில் பலர் கண்ணைக் கையால் மூடிக்கொள்வோம். "கண்கொத்திப் பாம்பு" என்று ஊரில் சொல்லி வளர்த்தார்கள் அல்லவா? அது யார் கண்ணையும் கொத்துவதில்லை. அதன் விஷமும் மனிதரை ஒன்றும் செய்யாது எனலாம்.

கண்ணுக்கு உண்மையிலேயே ஆபத்தானது வேறொரு பாம்பு. சிங்கப்பூரில் உள்ள கறுப்பு நாகம் விஷத்தை உமிழும். மிரண்டால் படம் எடுத்து, எதிரே நிற்பவரின் முகத்தை நோக்கிப் பீய்ச்சும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் விஷம் கண்ணில் படலாம். கைப்பேசியில் படம் எடுக்கக் குனிகிறவர்களுக்கு இது முக்கியம். காட்டுப் பாதைகளில் பச்சை நிற விரியன் ஒன்றும் உண்டு. நாள் கணக்கில் அசையாமல் கிளையில் சுருண்டிருக்கும். சரிவான இடத்தில் பிடிமானத்துக்காகக் கிளையைப் பற்றுவது நம் வயதில் இயல்பு. பற்றுவதற்கு முன் ஒருமுறை கிளையைப் பாருங்கள். கைத்தடி இருந்தால் இன்னும் நல்லது. தடி தரையில் தட்டும் அதிர்வை உணர்ந்து பல பாம்புகள் முன்னதாகவே விலகிவிடும்.

எதிரே வந்துவிட்டால்

நில்லுங்கள். பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடினால் பாம்பு கடிப்பதைவிட நீங்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். பாம்பு போக வழி இருந்தால் அது போய்விடும். கல்லெறிவதும் குச்சியால் தள்ளுவதும் வேண்டாம். அடித்தால் துணைப் பாம்பு பழிவாங்க வரும் என்ற கதையை மறந்துவிடலாம். ஆனால் அடிக்கப் போய்க் கடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது கதையல்ல. மேலும், இங்கே வனவிலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

பாம்பு வீட்டுக்குள்ளோ வீவக அடித்தளத்திலோ வந்துவிட்டால், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். அவர்கள் வரும்வரை கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி இருங்கள்.

விஷம் கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கையிலுள்ள தண்ணீர்ப் புட்டியில் தொடங்கி, அருகிலுள்ள குழாய்க்குத் துணையோடு போய்த் தொடருங்கள். அதன்பின் மருத்துவமனை. எரிச்சல் அடங்கிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். கருவிழியில் புண் இருக்கலாம்.

கடித்துவிட்டால்

இதுதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய பகுதி. ஊரிலிருந்து கொண்டுவந்த வைத்தியங்கள் நம் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. கடிவாய்க்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பாம்புக்கல் வைப்பது, மிளகையோ வேப்பிலையையோ மெல்லச் சொல்லி விஷம் ஏறியதா என்று பார்ப்பது. "எங்கள் தாத்தாவுக்கு இப்படித்தான் குணமானது" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான பாம்புகளுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர் கல் வைத்தாலும் பிழைப்பார், வைக்காவிட்டாலும் பிழைப்பார். பெயர் மட்டும் கல்லுக்குப் போய்விடும். உண்மையில் விஷம் ஏறியவருக்கோ, அந்த ஒரு மணி நேரம் வீணாகிவிடும்.

இறுக்கிக் கட்டுவது வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. நாகமும் விரியனும் கடித்த இடத்துச் சதையையே அழிக்கக்கூடியவை. கட்டுப் போட்டால் இரத்த ஓட்டம் நின்று சதை இன்னும் விரைவாகச் சாகும். விரலையோ காலையோ இழக்க நேரலாம். பனிக்கட்டியும் வைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாம்பிடமிருந்து விலகி உட்காருங்கள். நடந்தே வெளியே வர முயலாதீர்கள். தசை அசைய அசைய விஷம் உடலில் பரவும். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், மெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். 995-ஐ அழையுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் "ஸ்நேக் பைட்" என்ற சொற்களும், பாதையோரப் பலகையிலோ விளக்குக் கம்பத்திலோ உள்ள எண்ணும் போதும்.

பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். நிறம், நீளம், படம் எடுத்ததா என்பதை நினைவில் வைத்தால் போதும். நாகம் என்று தோன்றினால் "கோப்ரா" என்றே சொல்லுங்கள். "நல்ல பாம்பு" என்றால் நமக்குப் புரியும். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்தால், ஏதோ சாதுவான பாம்பு என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்!

இன்னொன்று. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்துப் பட்டியலைப் பணப்பையில் வைத்துக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கடித்ததே தெரியாமல் போகலாம். செருப்பு வேண்டாம், மூடிய காலணியும் காலுறையும் அணியுங்கள். வலி இல்லாவிட்டாலும் இமை தொங்குதல், பார்வை மங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை விஷத்தின் அறிகுறிகள்.

ஊருக்குப் போகும்போது

சிங்கப்பூரில் பாம்புக்கடியால் உயிரிழப்பது மிக அரிது. இந்தியாவில் நிலைமை வேறு. 2000 முதல் 2019 வரை அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலான இறப்புகள் கிராமப்புறங்களில்தான். பொங்கலுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போகிற நாமும் அதே வரப்பில்தான் நடக்கிறோம்.

அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் முக்கியமானவை. சுருட்டை விரியன் ராஜஸ்தான் பாலைவனம் முதல் தமிழ்நாட்டின் வறண்ட காடுகள்வரை வாழ்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம்தான். கல்லிடுக்கிலும் காய்ந்த இலைகளிலும் கிடந்தால் தெரியாது. மிரண்டால் உடலைச் சுருட்டி உரசி, மரம் அறுப்பது போன்ற சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டால் காலை அடுத்த அடிக்குத் தூக்காமல் நில்லுங்கள்.

இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்து இந்தியாவில் தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னைக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்களின் கைத்திறன் இன்று ஊசி மருந்தாக அரசு மருத்துவமனைக்கு வருகிறது. ஆகவே அங்கே கடிபட்டால் மந்திரிப்பவரைத் தேடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரவில் கொல்லைப்புறம் போக கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவர்களை இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.