நசுங்கிய கவசமும் தப்பிய தலையும்

இருசக்கர வாகன விபத்துக்குப் பின் எங்களிடம் வரும் குடும்பத்தினர் சிலர், “ஹெல்மெட்டில் கீறல்தானே, மறுபடியும் அணியலாமா?” என்று கேட்பதுண்டு. கூடாது என்றே கூறுகிறோம்.

ஆய்வகத்தில் உலோகத் தலையுரு ஒன்றினுள் முடுக்கமானியைப் பொருத்தி, கவசம் அணிவித்து, எஃகுப் பாளத்தின்மீது விழச்செய்து மோதலை அளக்கின்றனர். கணக்கு எளியது. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அது தாங்கும் சராசரி விசை அதன் எடையைப் போல் ஏறக்குறைய 500 மடங்கு. 3 சென்டிமீட்டரில் நின்றால் 50 மடங்கு. அந்தச் சில சென்டிமீட்டரைத் தருவது பெரும்பாலும் பளபளக்கும் ஓடு அன்று. உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற நுரையே. ஒருமுறை நசுங்கிய நுரை மீள்வதில்லை. அந்த நசுக்கம் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

அடிபட்டவரை அழைத்து வருகையில் கவசத்தையும் கொண்டு வாருங்கள். எப்பக்கம் அடி விழுந்தது என்பதை அதில் நாங்கள் பார்ப்போம்.