வேன் நிற்கும் இடம்

சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர்ச் சாலையைப் பற்றி மனு எழுதுவதற்காக முதல்முறை காலை பதினொரு மணிக்கு ஆட்களிடம் கேட்கப் போனேன். அது தப்பு. தினமும் அந்தச் சாலையில் போய்வரும் பெண்கள் அந்நேரம் பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலையாக இருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும், அவர்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். "ரோட்டுல என்னக்கா குறை?" என்றேன். "என்ன குறை தம்பி, அதான் ரோடு போட்டிருக்காங்களே" என்றார் ஓர் அக்கா. அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "நேத்து சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கி வீட்டுக்கு எப்படிப் போனீங்க?" உடனே நாலு பேர் ஒன்றாகப் பேசினார்கள். இறங்குகிற இடத்தில் ரோட்டோரம் முழங்கால் அளவுக்கு இறங்கிக் கிடக்கிறது, விளக்கு எரிவதில்லை, மழை பெய்தால் தூக்குவாளியோடு சேற்றில்தான் கால் வைக்க வேண்டும். நான் எழுத நினைத்திருந்ததோ நடுரோட்டுப் பள்ளத்தைப் பற்றி.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதனால் எங்கள் பக்கம் தார் முதலில் உடைவது ஓரத்தில்தான். வண்டியில் போகிறவருக்கு அது கண்ணில் படாது. நீங்களும் மனு எழுதுவதானால் குறையைக் கேட்காதீர்கள், நேற்று நடந்ததைக் கேளுங்கள். முடிந்தால் அவர்களோடு கூடவே நடந்து பாருங்கள்.

அடுத்தது, சாலை யாருடையது என்று தெரிந்துகொள்வது. எங்கள் மனு இரண்டு அலுவலகம் சுற்றித் திரும்பி வந்தது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லையென்றால் ஊராட்சிச் செயலரைக் கேளுங்கள். 2023இல் வந்த 'நம்ம சாலை' செயலியில் பள்ளத்தைப் படமெடுத்து அனுப்பலாம், ஆனால் அது நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு மட்டும். சிவகாசி 2021இல் மாநகராட்சியானது. அதன் எல்லைக்குள் இருக்கும் தெருவுக்கு அங்கேதான் மனு கொடுக்க வேண்டும்.

இடத்தை ஊரார் சொல்லும் பேரிலேயே எழுதுங்கள். நாங்கள் "வேன் நிக்கிற வேப்பமரம்" என்று எழுதிப் படமும் ஒட்டிக் கொடுத்தோம். பார்வையிட வந்தவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. ஓரத்துக்குக் கிராவல் அடித்தார்கள், விளக்கும் வந்தது.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அன்றைக்குப் பட்டாசு ஆபீஸும் லீவு. அந்த அக்காக்களைக் கூட்டிப் போங்கள், அவர்களையே பேச விடுங்கள்.