சிக்கிக்கொண்டவருக்கு எந்தச் சொல்?

‘சிக்கிக்கொண்டார்’ என்று நாம் ஒரே சொல்லில் கூறுவதை ஆங்கிலத்தில் ஸ்டக், ட்ராப்ட், மரூண்ட், ஸ்ட்ராண்டட் என்று பல சொற்களால் கூறுவர். இயற்பியலில் வேகமும் திசைவேகமும் ஒன்றல்ல அல்லவா? இவையும் அப்படியே. வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி போதும்: புறப்பட முடியாமல் தடுப்பது எது?

வெண்ணந்தூரில் தறி ஓடும்போது, நாடா பாவு இழைகளுக்கிடையே மாட்டி நின்றுவிடுகிறது. இழை அதைப் பிடித்துக்கொண்டது. இது ‘ஸ்டக்’. இதில் ஆபத்து இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டனர். வெளியேறும் வழியே அடைபட்டது. இது ‘ட்ராப்ட்’. இடிபாடுகளினூடே குழாய் செலுத்தி, நவம்பர் 28 அன்று அவர்களை மீட்டனர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலர் மாடிகளில் தங்கினர். சுற்றிலும் நீர், வீடே தீவாயிற்று. இது ‘மரூண்ட்’. ஒருவரை ஆளில்லாத் தீவில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடுவதையும் இச்சொல் குறிக்கும்.

‘ஸ்ட்ராண்ட்’ என்பதற்குக் கடற்கரை என்று பொருள். 2016 சனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. நீரில் அவற்றின் எடையை மிதப்பு விசை தாங்கும். கரையில் அவ்விசை இல்லை. ஆகவே, சொந்த எடையே நுரையீரலை அழுத்தும். திமிங்கிலத்தைத் தாங்கிச் சென்ற நீர் அதனைக் கைவிட்டது, இதுவே ‘ஸ்ட்ராண்டட்’. இராசிபுரத்தில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் நிலையும் அதுவே. சாலை திறந்திருக்கிறது, ஏறிச்செல்ல வண்டி இல்லை.

இனி ஒரு சோதனை. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், மழையால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. பயணிகள் சுமார் 800 பேர். தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டதால் பயணம் அறுந்தது: ஸ்ட்ராண்டட். நிலையத்தைச் சுற்றி வெள்ளம்: மரூண்ட். ஆனால் இரயில் பெட்டியின் கதவு திறந்தே இருந்தது. ஆகவே ‘ட்ராப்ட்’ பொருந்தாது.

சொல் மாறினால் உதவியும் மாறும். ட்ராப்ட் என்றால் துளைக்கும் கருவி வேண்டும். மரூண்ட் என்றால் படகோ ஹெலிகாப்டரோ வேண்டும். ஸ்ட்ராண்டட் என்றால் மாற்று வண்டியே போதும். தந்தி போன்ற சிறு செய்தியில் ஒரு சொல் தவறினால், படகு வேண்டிய இடத்திற்குப் பேருந்து போய் நிற்கும். நாளைய செய்தித்தாளில் இச்சொற்களைத் தேடுங்கள்; ஒவ்வொன்றிலும் தடுத்தது எது என்று கேட்டுப் பாருங்கள்.