ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது?

வயதாகிவிட்டது, படிப்பில்லை, அதனால்தான் சிலருக்கு இந்த ஆன்லைன் வேலையெல்லாம் வருவதில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உதவி மனு எழுத நம்மிடம் வரும் தாய்மார்களைப் பார்த்தால் காரணம் வேறாகத் தெரிகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், ஆதாரில் இணைத்த நம்பருக்கு ஓ.டி.பி. போகிறது. அந்த நம்பரோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுடையது. ஷிப்டில் இருப்பவர் போனை எடுக்க முடியாது. அதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். அந்தம்மாவின் அறிவில் குறை எதுவும் இல்லை. நம்பர் அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நாட்டில் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். நம் வீடுகளில் புதுப் போன் முதலில் யாருக்கு வாங்குகிறோம், பழையது யாருக்குப் போகிறது? (பல வீடுகளில் அதுவும் போவதில்லை.)

விரல் தேய்ந்தவர்கள் பாடு தனி. சாயப்பட்டறையிலும் காட்டு வேலையிலும் ரேகை அழிந்த கையை மெஷின் ஏற்க மறுக்கிறது. ரேகை பதியவில்லை என்பதற்காக உரியவருக்குப் பயனை மறுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 26.9.2018 ஆதார் தீர்ப்பிலேயே இருக்கிறது. வங்கிச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் என்ன செய்வார்கள்? அவர்கள் தொடுத்த வழக்கில் 30.4.2025 அன்று அதே நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

ஆதாரில் நம்பரை மாற்றப் பழைய நம்பர் தேவையில்லை. அம்மாவையோ நன்னியையோ நேரில் ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனால் போதும். போகும்போது அவர் பெயரிலேயே ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.