பழைய மின்கடிதங்களைப் பாதுகாப்பது எப்படி?

அடிப்புறம் மரக்கட்டையில் பதித்த நீண்ட கம்பி ஒன்றை வீட்டிலோ மளிகைக் கடையிலோ பார்த்திருக்கிறீர்களா? வந்த கடிதங்களையும் ரசீதுகளையும் அதில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். அடியில் இருப்பது மிகப் பழையது. உச்சியில் இருப்பது மிகப் புதியது. ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னும் அதிலிருந்து ஒரு கடிதத்தை உருவிப் படித்துவிடலாம். படிக்கத் தெரிந்தால் போதும்.

கணிப்பொறியில் உள்ள மின்கடிதம் அப்படியல்ல. அதைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை உருவாக்கியவர்களே அதைக் கைவிட்டுவிட்டால், கடிதங்களின் கதி என்ன? யூடோரா என்னும் பழைய நிரலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

யூடோராவின் கதை

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டார்னர் 1988-இல் யூடோராவை எழுதினார். அஞ்சலகத்தில் குடியேறிவிட்ட பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்டி என்ற எழுத்தாளரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1991-இல் குவால்காம் நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. 2006-இல் அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. 2018-இல் அதன் மூல நிரலைக் கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு வெளியிட்டது.

அக்காலத்தில் நிரல் அஞ்சல் வழங்கியிலிருந்து கடிதங்களைத் தன் கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்ளும். பெரும்பாலும் வழங்கியில் இருந்த படியை அழித்துவிடும். ஆகவே, பல ஆண்டுக் கடிதங்களுக்கு அந்த ஒரு கணிப்பொறியில் உள்ள படியே ஒரே படி. அதன் வட்டு பழுதானால் எல்லாம் போயிற்று!

இன்னொரு தடையும் உண்டு. நிரலும் வழங்கியும் பேசிக்கொள்ளும் மறையாக்க முறையின் பழைய வடிவங்கள் 2021-இல் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த நிரலால் இன்றைய வழங்கிகள் பலவற்றுடன் இணைய முடிவதில்லை. ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்த கடிதங்களுக்கு இதனால் கேடில்லை. அவை எந்த வடிவில் இருக்கின்றன என்பதே முக்கியம்.

கம்பியில் கோத்த கடிதங்கள்

யூடோரா தன் கடிதங்களை 'எம்பாக்ஸ்' எனப்படும் வடிவை ஒட்டிச் சேமித்தது. இது யூனிக்ஸ் கணிப்பொறிகளிலிருந்து வந்த எளிய முறை. ஒரு பெட்டியின் கடிதங்கள் யாவும் ஒரே கோப்பில், ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். நாம் பார்த்த கம்பியைப் போலவே!

ஒரு கடிதம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு கடிதத்தின் முன்னும் 'ஃபிரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரி ஒன்று இருக்கும. கணிப்பொறிக்கு அது 70, 114, 111, 109, 32 என்ற ஐந்து எண்கள். கடிதம் எழுதியவரே ஒரு வரியை அச்சொல்லால் தொடங்கிவிட்டால்? குழப்பம் நேராமல் இருக்க, நிரல்கள் அவ்வரியின் முன் அம்புமுனை போன்ற '>' குறியைச் சேர்த்துவிடும். பழைய கடிதங்களில் காரணமின்றி அக்குறி நிற்பதன் இரகசியம் இதுதான்.

இது வெறும் எழுத்துக் கோப்பு. எனவே யூடோரா இல்லாவிட்டாலும், எழுத்துகளைக் காட்டும் எந்த நிரலிலும் இதனைத் திறந்து பார்க்கலாம்.

பிரிந்து கிடக்கும் பகுதிகள்

ஆனால் அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது. ஏன்?

முதலாவது, அட்டவணை. ஒவ்வொரு பெட்டிக்கும் யூடோரா ஓர் அட்டவணைக் கோப்பை வைத்திருக்கும். எது படித்தது, எதற்குப் பதில் எழுதியாயிற்று என்ற விவரங்கள் அதில் உண்டு. ஒரு கடிதத்தை நாம் நீக்கினால், முதலில் அட்டவணையிலிருந்துதான் அது மறையும். பெட்டியைச் சுருக்கும் வரை கடிதம் கோப்பிலேயே கிடக்கும். அட்டவணை தொலைந்து, புதிதாக ஒன்று தயாரிக்கப்பட்டால், நீக்கிய கடிதங்கள் மீண்டும் உயிர்பெற்று வந்து நிற்கும்!

இரண்டாவது, இணைப்புகள். படம் போன்றவை எழுத்துகளாக மாற்றப்பட்டே அஞ்சலில் வருகின்றன. 3 பைட்டுகள் என்பது 24 இருமங்கள். அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் 4 எழுத்துகள் கிடைக்கும். யூடோரா இவற்றை மீண்டும் படமாக்கித் தனி அடைவில் போட்டுவிட்டு, கடிதத்தில் அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வைக்கும். அந்த அடைவை விட்டுவிட்டால் குறிப்பு இருக்கும், படம் இருக்காது.

மூன்றாவது, தமிழ். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு எண்களைக் கொண்டிருந்தன. அக்கடிதங்கள் இன்று புரியாத குறிகளாகத் தோன்றலாம். அவை அழியவில்லை, திறவுகோல்தான் தொலைந்தது. எந்த எழுத்துருவில் எழுதியவை என்பதைக் குறித்து, அந்த எழுத்துருவையும் உடன் சேமிப்பது நல்லது.

செய்முறை

1. நிரலை முதலில் மூடுங்கள். அது திறந்திருந்தால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் நகலாகக் கூடும்.

2. பெட்டிகள், அட்டவணைகள், இணைப்புகள் அடங்கிய அடைவு முழுவதையும் நகலெடுங்கள். மூலத்தைத் தொடாமல், நகலிலேயே வேலை செய்யுங்கள்.

3. பெட்டிகளை ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். பழைய நிரல்கள் பல, கோப்பினுள் இடங்களை 31 இருமங்களால் எண்ணின. 31 இரண்டுகளைப் பெருக்கினால் 2,14,74,83,648. அதாவது 2 கிகாபைட். பெட்டி அந்த எல்லையை எட்டினால் பழுதாகும் அபாயம் உண்டு.

4. எம்பாக்ஸ் வடிவை அறிந்த வேறொரு நிரலில், எடுத்துக்காட்டாகத் தண்டர்பேர்டில், நகலைத் திறந்து சோதியுங்கள். மிகப் பழைய கடிதம், மிகப் புதிய கடிதம், இணைப்புள்ள ஒன்று, தமிழில் ஒன்று ஆகிய நான்கையும் படியுங்கள். கடிதங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

5. இரண்டு நகல்களை வெவ்வேறு வட்டுகளில் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இவற்றுள் நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திறந்து படித்துப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கையே. சோதித்த நகலே காப்பு. நிரல்கள் வரும், போகும். எளிய, யாவரும் அறிந்த வடிவில் உள்ள கடிதமோ அவற்றைக் கடந்து நிற்கும்.

சிந்தியுங்கள்

1. 300 கிலோபைட் படம் ஒன்று அஞ்சலில் செல்லும்போது ஏறத்தாழ எத்தனை கிலோபைட் எழுத்துகளாகும்?

2. நகலைச் சோதிக்க அதே பழைய நிரலை விட்டு வேறொரு நிரலைப் பயன்படுத்துவது ஏன்?