மகளின் ஓட்டத்துக்கு ஏற்ற ஷூ



காவலர் வேலைக்காக நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் விடியற்காலையில் ஓடிப் பழகுவதைப் பார்க்கிறோம். உடல்திறன் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் உண்டு. அக்காவின் பழைய ஷூவைப் போட்டு ஓடி, கால் கொப்பளித்து, பயிற்சி நின்றுபோனால் நஷ்டம் யாருக்கு? விலை கூடினால்தான் நல்ல ஷூ என்பதில்லை. காலுக்குப் பொருந்துவதே நல்ல ஷூ. கடையில் இவற்றைக் கவனிப்போம்.

1. மகளையும் கூட்டிக்கிட்டு சாயங்காலம் போங்க. பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான்.

2. காலுறையோடு இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நிற்கச் சொல்லுங்க. ஒரு கால் பெரிதாக இருந்தால் அந்த அளவையே வாங்கணும்.

3. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும்.

4. குதிகால் வழுக்கக் கூடாது, பக்கவாட்டில் இறுக்கக் கூடாது. "போடப் போட சரியாயிடும்" என்றால் நம்பாதீங்க.

5. ஷூவை வளைத்துப் பாருங்க. விரல் மடங்கும் இடத்தில் வளையணும். நடுவில் துணி மாதிரி மடிந்தால் வேண்டாம்.

புது ஷூவைத் தேர்வு நாளில் முதன்முதலாகப் போடக் கூடாது. சில வாரம் முன்பே வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகணும்.

மகனுக்குப் பந்தும் மட்டையும் வாங்கித் தரும் நாம், மகளின் ஷூவுக்கு மட்டும் கணக்குப் பார்க்கலாமா? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.