கழுத்துக் கட்டிக்குக் கத்தி மட்டுமா வழி?



பழவேற்காட்டில் மீன் எடுத்துத் திருப்பாலைவனத்துத் தெருக்களில் கூவி விற்கும் ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்: "ஐயா, கழுத்துல கத்தி வெச்சா என் குரலு போயிடுமா?" அவருடைய தைராய்டு சுரப்பியில் நெல்லிக்காயளவு கட்டி. நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிந்தது, நெஞ்சு படபடத்தது, கூடையை இறக்கும்போது கைகள் நடுங்கின.

அவருடைய அச்சம் வீணானதல்ல. குரலை இயக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. அனுபவமுள்ள மருத்துவர் கையில் அது காயப்படுவது அரிது. ஆனால் குரலால் பிழைப்பவருக்கு அரிது என்ற சொல் ஆறுதலாகாது.

இத்தகைய கட்டியை மருத்துவர்கள் 'சூடான கட்டி' என்பார்கள். தொட்டால் சுடாது! பிட்யூட்டரி சுரப்பியின் கட்டளைக்குக் காத்திராமல் தானே ஹார்மோனைச் சுரப்பதால், கதிரியக்க ஸ்கேன் படத்தில் அது மட்டும் பளிச்சென்று தெரியும். சுரப்பியின் மற்றப் பகுதி உறங்கிக் கிடக்கும். இது புற்றுநோயாக இருப்பது அபூர்வம். கார்பிமசோல் மாத்திரை சுரப்பைக் குறைக்குமேயன்றிக் கட்டியை அழிக்காது. நிறுத்தினால் தொல்லை திரும்பும்.

அந்த உறக்கமே கதிரியக்க அயோடினுக்குத் துணை. அதை விழுங்கினால், விழித்திருக்கும் கட்டியே பெரும்பகுதியை உறிஞ்சி அழிகிறது. பிறகு மற்றப் பகுதி மெல்ல விழிக்கிறது. பாஸ்டன் நகரில் 1941இல் சால் ஹெர்ட்ஸ் தொடங்கிய சிகிச்சை இது. இன்று பயன்படும் அயோடின்-131இன் வீரியம் 8 நாளுக்கொருமுறை பாதியாகும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் இது கூடாது. சில நாட்கள் பிள்ளைகளை அணைத்துப் படுக்கவும் கூடாது. சொல்வது எளிது, ஒரே அறையில் பேரப்பிள்ளையோடு உறங்குகிறவர் எங்கே போவார்?

மற்றொரு வழி, ரேடியோ அலையின் வெப்பம். கழுத்தை மரக்கச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சுடுகிறார்கள். நோயாளி விழித்தே இருப்பார். குரல் சரியாயிருக்கிறதா என்று அறிய நடுநடுவே பேசச் சொல்வார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிறிய கட்டிகளில் பலன் நன்று; பெரியவற்றுக்கு மறுபடியும் செய்ய நேரலாம். எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைப்பதில்லை, செலவும் கூடுதல்.

அந்தத் தாயார் மருத்துவரோடு பேசி அயோடினையே தேர்ந்துகொண்டார். தனியே தங்க நாத்தனார் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கூடை தூக்காத அந்த நாட்களின் கூலியை உங்கள் காணிக்கை ஈடுசெய்தது. இப்போது கை நடுங்குவதில்லை. சுரப்பு தேவைக்கும் கீழே குறைந்துவிடக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். அடுத்த முறை வரும்போது மடவை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.